உடன்போக்கும் ட்ரங்க் பெட்டியும்

2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்தைத் திண்டிவனத்தில் பார்த்துவிட்டுக் கிளியனூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் சித்தி மகள், ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். “எல்லாம் நல்லாதாங்க்கா எடுத்திருக்காங்க. பெட்டி கட்டுறத ஒரு நிமிசம் காட்டியிருந்தா இன்னா?”

அவளுக்கு அப்போது நாலாம் மாதம். கணவர் ராணுவத்தில் ஹவில்தார். மத்தியப் பிரதேசத்தில், இந்தூருக்குப் பக்கத்தில் உள்ள மாவ் கன்டோன்மென்டில் ஒரு நீண்ட பயிற்சி வகுப்பில் இருந்தார். மூன்று வாரத்தில் அவள் அங்கே போகவேண்டும். சித்தி வீட்டுக் கூடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த ட்ரங்க் பெட்டி ஒன்று பாதி நிரம்பித் திறந்தபடி கிடந்தது. மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர். உள்ளே இருந்ததெல்லாம் இவளுடைய நைட்டி, ஸ்கேன் ரிப்போர்ட், புளி, வடகம்.

படத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் பலவற்றை அதற்குப் பிறகு படித்தேன். தேசபக்தி, காஷ்மீர், நடிப்பு என்று நிறைய எழுதினார்கள். சித்தி மகள் கேட்ட கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. யோசிக்க யோசிக்க அது ஒரு படத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் தோன்றவில்லை. போர்வீரனின் மனைவியைப் பற்றித் தமிழில் ஈராயிரம் ஆண்டாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் அவள் பெட்டி கட்டும் இடம் எங்கே?

முதலில் அவள் ஏன் போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அது அசட்டுத்தனமாகத் தெரியும், சித்திக்கும் அப்படித்தான் தெரிந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் விவாதிக்கிற விஷயமே இல்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு, கலந்த சாதம், கை நிறைய கண்ணாடி வளையல், பிறகு பெண்ணை அழைத்து வந்துவிடுவார்கள். கிராம செவிலியரிடம் பதிவும் ஆகியிருந்தது, பிக்மி எண்ணும் வந்திருந்தது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. அதன் பிந்தைய தவணைகள் பிரசவத்தோடும் தடுப்பூசியோடும் கட்டப்பட்டவை. ஊரை விட்டுப் போனால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். இவ்வளவையும் விட்டுவிட்டு, சென்னையில் ரயில் ஏறி, போபாலில் இறங்கி, இந்தூர் போய், அங்கிருந்து மாவ் என்று எதற்காக அலையவேண்டும்?

அவள் கணக்கு வேறு. பயிற்சி முடிந்தால் அவருக்கு ஃபீல்ட் போஸ்டிங். அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் லீவு நாட்களைக் கூட்டிப்பார்த்தால் அவர்கள் சேர்ந்திருந்தது மூன்று மாதம்கூட வராது. இந்தப் பயிற்சிக் காலம் ஒன்றில்தான் தினமும் சாயந்திரம் வீடு திரும்பும் கணவர் கிடைப்பார். அதே மாதங்களில்தான் வயிற்றில் பிள்ளையும் வளர்கிறது. தாய்வீடா, கணவனா என்று கேட்டால் அவள் நாட்காட்டியைக் காட்டினாள். “இப்ப போவலன்னா எப்பம்மா போறது?”

இந்தக் கேள்விக்குத் தமிழ் மரபு ஒரு பதில் வைத்திருக்கிறது: போகக்கூடாது. தொல்காப்பியக் கற்பியல், பாசறையில் தலைவன் மனைவியோடு இருப்பதில்லை என்று விதிக்கிறது. கடல் கடந்த பயணத்துக்கும் பெண்ணை அழைத்துப்போவதில்லை என்று அகத்திணையியல் சொல்கிறது. முல்லைத்திணையின் உரிப்பொருளே ‘இருத்தல்’. கார்காலம் வந்தும் அவன் வராமல் போனாலும் ஆற்றிக்கொண்டு இருக்கவேண்டும்.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு பத்துப்பாட்டிலேயே சிறியது, 103 அடிதான். அரண்மனையில் தூக்கமில்லாத அரசி, காட்டுக்குள் பாசறையில் அரசன். வகுப்பறையில் இதை இரண்டு தனிமைகளின் பாட்டாகத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுபடி வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தப் பாசறையில் பெண்கள் இருக்கிறார்கள்! இடுப்பில் வாள் செருகி, இரவெல்லாம் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும் இளம்பெண்கள். அப்படியானால் பாசறை பெண் நுழையாத இடமில்லை, மனைவி நுழையாத இடம். வேலைக்காரியாக வரலாம், குடும்பமாக வரக்கூடாது. அரசியைப் போல அந்த விளக்குப் பெண்களுக்கும் ஏதாவது ஊரில் ஒரு வீடு இருந்திருக்கும். பாட்டு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பழைய சங்கதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் சேரும் இளைஞர்கள் பயிற்சி முடியும்வரை மணம் செய்துகொள்ளக் கூடாது. 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்பவர் மணமாகாதவராக இருக்கவேண்டும், நான்காண்டும் அப்படியே இருக்கவேண்டும். ஆள் எடுக்கும் அறிவிப்பை எழுதியவருக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் சிப்பாய் என்றால் மனதில் வரும் உருவம் ஒன்றுதான், பின்னால் யாரும் இல்லாத ஒற்றை ஆள். கல்யாணமான பிறகும், பார்ட் டூ ஆர்டரில் பெயர் ஏறும்வரை ராணுவத்தின் காகிதங்களில் மனைவி என்று ஒருத்தி கிடையாது. சித்தி மகள் அந்த மூன்று சொல்லையும் ஏதோ கோயில் பெயர் மாதிரி மரியாதையாகச் சொல்வாள்.

மரபில் பெண் நடக்கவே இல்லையா என்றால், நடக்கிறாள். பாலைத்திணையில் உடன்போக்கு இருக்கிறது. பெற்றோருக்குத் தெரியாமல் காதலனோடு சுரம் கடந்து போகிறாள். சிலம்பு கழிந்த கால், வெயில், பருக்கைக் கல், கள்வர் பயம் எல்லாம் அந்தப் பாட்டுகளில் உண்டு. நம் கவிதையின் மிக அழகான நடைகள் அங்கேதான். ஆனால் அந்த நடை மணத்துக்கு முன்னால். வீடு வந்து சேர்ந்து மனைவியானதும் கால் நின்றுவிடுகிறது. காதலிக்குப் பாதை, மனைவிக்கு வாசல்படி என்று திணைகளே பிரித்துக் கொடுத்துவிட்டன. கண்ணகி ஒரு விதிவிலக்கு. மனைவியாகி வருடங்கள் கழித்துக் கணவனோடு புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தாள். அவளுக்கும் பிள்ளை இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு கணவன் பின்னால் போகிற இரண்டாம் உடன்போக்குக்கு நம் இலக்கணத்தில் துறையே இல்லை.

ஒரே ஒருத்தியைத் தேடிப்பிடித்தேன். சீவக சிந்தாமணியின் விசயை. கட்டியங்காரன் கோட்டையைச் சூழ்ந்தபோது கர்ப்பிணியான அரசியைச் சச்சந்தன் மயில் வடிவ வானூர்தியில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அவன் வாளோடு நிற்கிறான், அவள் பறக்கிறாள். இதில் எனக்குப் பிடித்த இடம் அதற்கு முந்தையது. அந்தப் பொறியை எப்படிச் செலுத்துவது என்று அவள் முன்பே பழகிவைத்திருக்கிறாள். பயிற்சி எடுத்துக்கொண்ட கர்ப்பிணியைத் தமிழ்க் காப்பியத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மயில் சுடுகாட்டில் இறங்குகிறது, சீவகன் அங்கே பிறக்கிறான். வணிகன் ஒருவன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகிறான். விசயை தவப்பள்ளிக்குப் போய்விடுகிறாள், காப்பியம் பிள்ளையின் பின்னால் ஓடுகிறது. திருத்தக்கதேவர் சமண முனிவர், அவருக்குத் தவப்பள்ளி நல்ல முடிவாகத்தான் தெரிந்திருக்கும். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் மேல்சித்தாமூர் சமண மடத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு விசயை ஞாபகம் வருவாள். அந்தச் சுடுகாட்டு இரவில் அவளுக்குத் தாகம் எடுத்திருக்காதா என்று கேட்கத் தோன்றும்.

விசயையை நவீன காலத்துக்குக் கொண்டுவந்தால் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஷியாமா. கணவன் இயக்கத்தில். வயிற்றுப் பிள்ளையோடு படகேறி ராமேஸ்வரம் வருகிறாள், முகாமில் பெறுகிறாள், பிள்ளையை விட்டுவிட்டு மறுபடி கடல் தாண்டுகிறாள். மணிரத்னத்தின் படங்களில் இதை நான் மேலே வைப்பேன். ஆனால் கதை யார் பின்னால் போகிறது? அமுதாவின் பின்னால். ஷியாமா கடைசியில் வந்து கேள்விக்கு நிற்கிறாள். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு கதைகளும் ஒரே வேலையைச் செய்கின்றன. கர்ப்பிணி இடம்பெயர்வது பிள்ளையின் கதைக்கு ஒரு பிறப்பிடம் தருவதற்காக. அந்த மாதங்கள் அவளுடையவை இல்லை.

‘ரோஜா’வை இங்கே சேர்க்கலாமா என்று யோசித்தேன். தமிழ் மட்டும் தெரிந்த கிராமத்துப் பெண் கணவனின் வேலைக்காகக் காஷ்மீர் போகிறாள். அந்நிய மொழிக்கு நடுவே அவள் படும் திகைப்பு உண்மையானது. ஆனால் அவள் போவது தேனிலவு மாதிரியான பயணம், குடித்தனம் இல்லை.

நாவலிலும் சிறுகதையிலும் இன்னும் வறட்சி. மலையாளத்தில் பட்டாளக் கதை என்று ஒரு வகையே உண்டு. கோவிலன், பாறப்புறத்து, நந்தனார் போன்றவர்கள் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து எழுதினார்கள். நம் கதைகளில் பட்டாளத்தான் என்றால் முறுக்கு மீசை, ரம் பாட்டில், லீவில் வந்து அளக்கும் கதைகள். ப.சிங்காரம் போரை எழுதினார், அது ஆண்களின் உலகம். இவ்வளவுக்கும் எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் புதுச்சேரி இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போன தமிழர்களின் ஊர். ‘சொல்தா’ வீடு என்றால் பென்ஷன், பிரான்ஸ் குடியுரிமை என்றுதான் பேச்சு வரும். அந்த வீட்டுப் பெண்கள் எந்தத் துறைமுகத்தில் எத்தனையாவது மாதத்தில் இறங்கினார்கள் என்று யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதினால் அதுவே ஒரு நாவல். கேட்க வேண்டிய பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இந்தப் பின்னணியில் ‘அமரன்’ சின்னப் படம் இல்லை. 2014 ஏப்ரலில் சோபியானில் இறந்து, மறு ஆண்டு அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை ராஜ்குமார் பெரியசாமி அவர் மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸின் குரலில் சொல்லவைக்கிறார். ராணுவப் படத்தின் கதைசொல்லி மனைவி. இதுவே பெரிய மாற்றம். சாய் பல்லவி அழும் காட்சிகளைவிட, போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கச் சத்தத்தைக் கேட்டு முகம் மாறும் காட்சிகள்தான் என்னோடு வந்தன. முல்லைத்தலைவிக்கு நல்ல சொல் கேட்கப் பெருமுது பெண்டிர் போனார்கள். இவளுக்கு மொபைல். படம் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

குறையும் அங்கேதான். குரல் அவளுடையது, கதை அவருடையது. அவள் பார்த்திருக்கவே முடியாத துப்பாக்கிச் சண்டைகள் நிமிடக்கணக்கில் வருகின்றன. அவள் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய விஷயங்களுக்கு, அதாவது கர்ப்பம், குடித்தனம், ஊர் மாற்றம் இவற்றுக்கு, ஒரு பாட்டின் இடைவெளிதான் கிடைக்கிறது. கண்ணால் கண்டதைச் சொல்லும் உரிமையைக் கொடுத்துவிட்டுக் காணாததைச் சொல்லவைக்கிறார்கள். இயக்குநரைக் குறை சொல்வது சுலபம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் வணிகப்படத்தில் ட்ரங்க் பெட்டிக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று அவர் கேட்கலாம். என் பக்கத்து சீட்டில் ஒருத்தி வாங்கியிருந்தாள் என்றுதான் நான் சொல்லமுடியும்.

மேஜர் முகுந்தும் ஒரு காலம் மாவில் உள்ள காலாட்படைப் பள்ளியில் பணியாற்றியவர். அந்த ஊர் பயிற்சிப் பள்ளிகளால் ஆனது. ஆனால் எங்கள் பக்கத்தில் மாவ் என்றால் வேறு ஞாபகம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அம்பேத்கர் சிலை இல்லாத சாலையில் நீங்கள் வெகுதூரம் போகமுடியாது. பிறந்த ஊர் மாவ், நாள் 1891 ஏப்ரல் 14 என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். கொங்கணக் கரையில் ரத்னகிரி மாவட்டத்துக் குடும்பத்தின் பிள்ளை ஏன் மத்திய இந்தியாவில் பிறந்தது? அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், படையின் பள்ளியில் ஆசிரியர். அம்மா பீமாபாய் அவரோடு கன்டோன்மென்டில் இருந்தார். அது அவருக்குப் பதினாலாவது பிரசவம். ஊரிலிருந்து அவ்வளவு தூரத்தில் அந்தப் பிரசவத்தை யார் பார்த்தார்கள், சூடாகக் கஞ்சி யார் கொடுத்தார்கள்? வாழ்க்கை வரலாறுகள் ஒரு வாக்கியத்தில் பீமாபாயைக் கடந்துவிடுகின்றன. பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துபோகிறார், கதை பிள்ளையோடு போய்விடுகிறது. விசயை, ஷியாமாவைப் போலத்தான். வரலாறும் காப்பியத்தின் பழக்கத்தை விடவில்லை.

சித்தி மகளுக்கு இதைச் சொன்னேன். “அப்ப நம்ம தலைவரும் என் புள்ள மாதிரிதானா” என்று சிரித்தாள். ஊரிலிருந்து கிளம்பும்போது அவள் கொண்டுபோன தைரியத்தில் கால் பங்கு அதுவாக இருக்கலாம்.

மேற்கில் இந்த வாழ்க்கையை எழுத ஆரம்பித்திருக்கிறார்கள், எழுதுபவர்கள் ராணுவ மனைவிகளே. சியோபன் ஃபாலன் 2011இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு பெரும்பாலும் டெக்சாஸ் ஃபோர்ட் ஹூட் குடியிருப்புகளில் நடக்கிறது. மெல்லிய சுவர்கள் வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை கேட்டுக்கொண்டே இருக்கும். ஆண்ட்ரியா வில்லியம்ஸின் ‘தி லாங்கஸ்ட் நைட்’ (2016) நாவலில் நாட் என்ற இளம் மனைவி கணவனின் அணு உலை வேலைக்காக ஐடஹோ மாகாணத்துக்குக் குடிபெயர்கிறாள், இருக்கும் பெண்பிள்ளைகளோடு இன்னொன்றும் வயிற்றில் சேர்கிறது. 1961இல் உண்மையில் நடந்த உலை விபத்து பின்னணியில் நகர்கிறது. விபத்தைவிட, புது ஊரில் நாட் யாரோடும் பேசமுடியாத பகல்கள்தான் அந்த நாவலின் பலம். இரண்டையும் அண்ணாந்து பார்க்கவேண்டியதில்லை. ஃபாலன் கதைகளில் சில, முடிவை முன்பே சொல்லிவிடுகின்றன. ஆனால் பகல்களை எழுதலாம் என்ற துணிச்சல் அவர்களுக்கு இருக்கிறது. அவன் இல்லாத இரவை நாம் ஈராயிரம் ஆண்டு எழுதிவிட்டோம். அவன் பயிற்சிக்குப் போய்விட்ட பகலை இன்னும் தொடவில்லை.

தொட்ட ஒரு பிரதியை நான் வாசித்திருக்கிறேன், என்பது பக்க கோடு போட்ட நோட்டு. மாவுக்குப் போன பிறகு சித்தி மகள் எழுதிவந்தது. லீவில் ஊருக்கு வந்தபோது மளிகைக் கணக்கைக் காட்டத்தான் என் கையில் கொடுத்தாள். க்வார்ட்டர்ஸ் கிடைக்காமல் வெளியே இரண்டு ரூம் எடுத்திருந்தார்கள். முதல் பக்கங்களில் வெறும் பட்டியல்: எம்.ஹெச். போகவேண்டிய கிழமை, டிபென்டன்ட் கார்டு நகல், இரும்பு மாத்திரை, “பால்காரன் சாடே சாத் = ஏழரை”. இந்திச் சொற்களைத் தமிழில் எழுதி எதிரில் அர்த்தம். அப்புறம் மெதுவாக வாக்கியங்கள் வருகின்றன. “இன்னைக்கு புள்ள அசஞ்சிது. அவரு கிளாஸ்ல இருந்தாரு. மாடி வூட்டு அக்காகிட்ட சொன்னேன், அவங்க பீகாரு. புரிஞ்சுகிட்டாங்க.” இன்னொரு இடத்தில், “குளிரு. அம்மா வூட்டு திண்ணை வெயிலு ஞாபகமா இருக்கு. அழுவல.” ‘அழுவல’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க அண்மையில் நான் படித்த கதைகளில் அதிகம் இல்லை. “இதெல்லாம் போயி படிக்கிறியேக்கா” என்று பிடுங்கப் பார்த்தாள். சில வரிகளைக் கேட்டு வாங்கித்தான் இங்கே எழுதுகிறேன்.

கலித்தொகையின் பாலைப் பகுதியில், உடன்போன மகளைத் தேடிச் செவிலித்தாய் சுரத்தில் நடப்பாள். எதிரே வரும் அந்தணர்களிடம் என் மகளைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். மகள் எப்படியும் உனக்கு உரியவள் இல்லை, போ என்று அவர்கள் அழகான உவமைகளில் ஆறுதல் சொல்வார்கள். பெண் நிறைமாதமாக இருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். சித்தி யாரிடமும் ஆறுதல் கேட்கவில்லை. திருப்பதிக்கு வடக்கே ரயில் ஏறியிராதவர், 2025 மார்ச்சில் பிரசவ லேகியம், பூண்டு, பழைய வெள்ளைப் புடவைத் துணிகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். எதிர் சீட்டுக்காரர்களிடம் “போபாலு வந்துடுச்சா” என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு போனாராம்.

அந்த நாளுக்கான குறிப்பும் நோட்டில் இருக்கிறது. “அம்மா வராங்க. அவருக்கு எக்ஸாம். ஸ்டேஷனுக்கு நானே போறேன்.”